பெயர் பொறித்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சனிக்கிழமை ராத்திரி ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேசையில் வைத்து ஆடும்போது பயன்படுத்த, 'விண்கப்பல் இன்ஜினியர் கருவிப் பெட்டி' என்று ஒரு விளையாட்டுப் பெட்டியை ஆன்லைனில் விற்கிறார்கள். விலை 2,850 ரேண்ட். வாங்காதீர்கள். நாங்கள் வாங்கி ஏமாந்தோம்.

நாங்கள் விளையாடுவது சாட்ஸ்வொர்த்தில், ஒரு நண்பர் வீட்டு வராந்தாவில். ஆறு பேர். ஆட்டம் டிராவலர். 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்து வெளிவந்த பழைய ரோல்பிளேயிங் விளையாட்டு; ஆளுக்கு ஒரு பாத்திரமாகி விண்வெளிக் கதையைப் பேசியே நடத்துவோம். நாங்கள் ஆடுவது அதன் புதிய பதிப்பு. நான் நடுவர். ஆட்டத்தில் எங்கள் விண்கப்பல் 200 டன் சரக்குக் கப்பல், பெயர் ட்ரூரோ. சென்னையில் கிளம்பி, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக டர்பனில், 1860 நவம்பர் 16ஆம் தேதி, கொண்டுவந்து இறக்கிய கப்பலின் பெயர் அது. அந்தப் பெயரை வைத்தவர் ஆட்டத்தில் எங்கள் இன்ஜினியராக இருப்பவர். துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய 70ஆவது பிறந்தநாளுக்காகத்தான் மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு 570 ரேண்ட் போட்டு இந்தப் பெட்டியை வாங்கினோம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் இன்ஜினியர்தான் கப்பலின் உயிர். ஒரு ஜம்ப், அதாவது நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவுவது, என்றால் ஏறக்குறைய ஒரு வாரம் கப்பல் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடக்கும். கிரகத்தை விட்டு அதன் விட்டத்தைப் போல நூறு மடங்கு தூரம் போகாமல் ஜம்ப் செய்தாலோ, சுத்திகரிக்காத ஹைட்ரஜனை எரிபொருளாக ஊற்றினாலோ, கப்பல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இயந்திர அறையில் ஒருவர் கையில் சரியான கருவி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. வெறும் கையோடு பழுது பார்க்கிறேன் என்றால் நான் விட மாட்டேன். அதனால் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மாமா எப்போதும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்: உடல் ஓட்டை அடைக்கும் பட்டைகள், வெட்டும் டார்ச், மின்சுற்று சோதிக்கும் கருவி, ஸ்பேனர் வரிசை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பரிசு யோசனையே வந்தது.

விளம்பரப் படத்தில் இருந்தது அலுமினியப் பெட்டி. உள்ளே கறுப்பு ஃபோமில் ஒவ்வொரு கருவிக்கும் அளவெடுத்து வெட்டிய பள்ளம். ஒன்பது கருவிகள், விளக்கு எரியும் ஒரு ஸ்கேனர், கூடவே 40 கருவி அட்டைகள். "உங்கள் ஆட்டத்தின் விதிகளுக்கு ஏற்ற அட்டைகள்" என்று எழுதியிருந்தது. நான் விற்பவரிடம் விசாரித்தேன். நன்றாகத்தான் பேசினார். என்ன ஆட்டம், என்ன பதிப்பு என்று கேட்டுக்கொண்டார். அப்புறம், "கப்பல் பெயரைச் சொல்லுங்கள், மூடியில் இலவசமாகப் பொறித்துத் தருகிறேன்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எழுத்துக்கூட்டி அனுப்பினேன். முழுப் பணத்தையும் வங்கி மூலம் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் என்றவர், அனுப்ப ஏழு வாரம் எடுத்துக்கொண்டார்.

வந்தது தூண்டில்காரர்கள் புழுவும் முள்ளும் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஃபோமே இல்லை, கசக்கிய செய்தித்தாள். கருவிகள் த்ரீடி பிரின்டரில் அடித்தவை. தேய்க்கவும் இல்லை, வண்ணமும் இல்லை, வரி வரியாக அப்படியே தெரிந்தது. இரண்டு கருவிகள் ரெசினில், அதாவது ஒளி பட்டால் இறுகும் பசைத் திரவத்தில், அடித்தவை, தொட்டால் கை ஒட்டியது, நெடி அடித்தது. ரெசினைக் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து முழுசாக இறுக வைக்காமல் அனுப்பினால்தான் அப்படி இருக்கும். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது, ஒவ்வாமை கொண்டுவரும். உடனே கையைக் கழுவிவிட்டு அந்த இரண்டையும் தனியாக உறையில் போட்டு வைத்தேன். மூடியில் ட்ரூரோ என்பதற்குப் பதில் 'ட்ரோரோ' என்று பொறித்திருந்தது.

மாமா பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஷிஃப்டிங் ஸ்பேனரை மட்டும் எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு வாய் திறக்காது, ஒரே கட்டியா அடிச்சிருக்கான்" என்றார். கோபமே இல்லாத குரல். மூடியில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டி ஒப்பந்தக் கப்பலில் வந்தவர். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது அந்த ஸ்கேனரைப் பற்றி. அதற்குள் பட்டன் பேட்டரி இருக்கிறது. மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. மாமாவின் பேத்திக்கு மூன்று வயது. கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் கையில் ஸ்கேனர், தரையில் பேட்டரி. நல்ல வேளை, அவளுடைய அம்மா பார்த்துவிட்டார். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே கடுமையாக வெந்துபோகும். இந்தப் பெட்டியை யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், மற்றதெல்லாம் அப்புறம், இன்றைக்கே அந்தப் பேட்டரியைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அட்டைகளும் உருப்படியில்லை. எங்கள் ஆட்டத்தில் ஆறு பக்கப் பகடை இரண்டு உருட்டி, திறமைப் புள்ளியைக் கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. கூடுதல் எதுவும் இல்லாமல் 8 வர 36இல் 15 வாய்ப்பு. ஒன்று கூட்டினால் 21, இரண்டு கூட்டினால் 26. சின்னக் கூட்டலே பெரிய வித்தியாசம் செய்யும் கணக்கு இது. இவர் அனுப்பிய அட்டைகளில் பாதிக்கு மேல் '+5' என்று இருந்தது. ஐந்து கூட்டினால் 36இல் 35! ஸ்பேனரை எடுத்தாலே கப்பல் சரியாகிவிடும், பகடையே வேண்டாம். இருபது பக்கப் பகடை உருட்டும் வேறு ஆட்டத்துக்குச் செய்த அட்டைகளின் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். ஓர் அட்டையின் மூலையில் இருபது பக்கப் பகடையின் படம்கூட அழிக்காமல் கிடந்தது.

திருப்பி அனுப்புகிறேன், பணத்தைக் கொடுங்கள் என்று ஐந்தாம் நாளே எழுதினேன். ஆன்லைனில் வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப, இங்குள்ள 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆவது பிரிவு இடம் தருகிறது. அவர் பதில் ஒரே வரி: "பெயர் பொறித்த பொருளுக்கு அது பொருந்தாது." படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தனிப்பட்ட பெயரோ அடையாளமோ போட்டுச் செய்த பொருளுக்கு அந்த ஏழு நாள் உரிமை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. இலவசப் பொறிப்பு எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. சட்டம் தெரிந்தே செய்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் கோட்டை விட்டேன். அதே சட்டத்தின் 43ஆவது பிரிவுப்படி, ஆன்லைனில் விற்பவர் தன் முழுப் பெயர், இருப்பிட முகவரி, திருப்பி வாங்கும் விதி எல்லாவற்றையும் பக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் பொருள் வந்த 14 நாளுக்குள் நாம் ரத்து செய்யலாம். இதற்குப் பெயர் பொறிப்பு தடையில்லை. அவர் பக்கத்தில் முகவரியே இல்லை. எனக்கு இது தெரிந்தது இருபதாவது நாள்.

மிச்சம் இருப்பது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும், தரமில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பலாம், பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை நாமே முடிவு செய்யலாம். அதைக் காட்டி எழுதியதும் 600 ரேண்ட் தருகிறேன், புகாரை விட்டுவிடு என்றார். ஐந்து பேரும் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நுகர்வோர் பொருள் சேவைகளுக்கான ஆம்புட்ஸ்மனிடம் (குறைகளை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு) புகார் போட்டிருக்கிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே முடியாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போவோம். வக்கீல் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் கூடாது.

போன வாரம் மாமா தன் சொந்தப் பெட்டியையே மேசைக்குக் கொண்டுவந்தார். தேய்ந்து மினுங்கும் ஃபீலர் கேஜ், ஒரு வெர்னியர், அவர் முதல் வருஷம் வாங்கிய ஷிஃப்டிங் ஸ்பேனர். அதன் வாய் நன்றாகத் திறக்கிறது.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. படத்தை வைத்துத் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டில் ஒருவர் தனக்காகச் செய்து படம் பிடித்துப் போட்ட பெட்டி அது, விற்பனைக்கே இல்லாதது. அலுமினிய மூடி, வலது மூலையில் ஒரு கீறல், இரண்டு பித்தளைத் தாழ்ப்பாள், உள்ளே நீல விளக்கு எரியும் ஸ்கேனர் இடது பக்கம் சாய்ந்து இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்றால், செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து இன்றைய தேதி தெரிய அதே பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்புறம் கேட்ட இரண்டு நண்பர்களுக்கு அவர் பதிலே அனுப்பவில்லை.