காப்ரியா, இஸ்கியாவா, ப்ரோச்சிடாவா? நேப்பிள்ஸ் வளைகுடாவில் எந்தத் தீவு?

இத்தாலிப் பயணத்தில் நேப்பிள்ஸ் வரை போகிறவர்கள், தீவுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினால் யோசிக்காமல் காப்ரிக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் மூன்று தீவுகளில் கடைசியாக வைக்க வேண்டியது காப்ரிதான் என்பேன்.

காப்ரியின் அழகைக் குறை சொல்லவே முடியாது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், தென்கிழக்கே தனித்து நிற்கும் ஃபராலியோனி குன்றுகள், ரோமப் பேரரசர் திபேரியஸ் தன் கடைசிப் பத்தாண்டுகளைக் கழித்த வில்லா யோவிஸ் மாளிகையின் இடிபாடுகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. பிரச்சினை, பகல் நேரம். நேப்பிள்ஸ், சொரென்டோ, அமால்ஃபி எல்லா ஊர்ப் படகுகளும் காலையிலேயே மரீனா கிராந்தே துறையில் கூட்டத்தை இறக்கிவிடுகின்றன. மேலே ஊருக்குப் போகும் விஞ்ச் ரயிலுக்கே வரிசை. புகழ்பெற்ற நீலக் குகைக்குப் போனால் வாசலில் மறுபடி காத்திருந்து, துடுப்புப் படகுக்கு மாறி, சுமார் ஒரு மீட்டர் உயரத் திறப்பில் படுத்தபடி நுழைய வேண்டும். உள்ளே இருப்பது சில நிமிடங்கள். அலை கொஞ்சம் எழும்பினாலும் குகையை மூடிவிடுவார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும்.

மாலையில் கடைசிப் படகுகள் கிளம்பிய பிறகுதான் காப்ரி நிதானமாகிறது. அதைப் பார்க்க இரவு தங்க வேண்டும். அறை வாடகை கையைக் கடிக்கும். பகலில்தான் போக முடியும் என்றால் முதல் படகைப் பிடியுங்கள். குகையை விட்டுவிட்டு நேரே அனாகாப்ரிக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து ஒற்றை இருக்கை ரோப்காரில் 589 மீட்டர் உயர மோன்டே சொலாரோவுக்குப் போங்கள். நேரம் கொஞ்சமாக இருந்தாலும் அந்த உச்சி ஏமாற்றாது.

ஒரு நாளுக்கு ப்ரோச்சிடாதான். சுமார் 4 சதுர கிலோமீட்டர், நடந்தே பார்த்துவிடலாம். கொரிச்செல்லா மீனவர் குடியிருப்புக்குள் கார் வராது, படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வீடுகள், முன்னால் உலரும் வலைகள். உச்சியில் தெர்ரா முராத்தா. அங்குள்ள அவாலோஸ் அரண்மனை 1988 வரை சிறைச்சாலையாக இருந்தது. 2022இல் இத்தாலியின் கலாச்சாரத் தலைநகராக இந்தச் சின்னத் தீவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இங்கே எலுமிச்சை சாலட் கேளுங்கள். தடித்த வெள்ளைச் சதையோடு எலுமிச்சையை நறுக்கி, புதினா, மிளகாய், ஆலிவ் எண்ணெய் சேர்ப்பார்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். குழந்தைகளோடு போனால் கவனம்: தெருக்கள் மிகக் குறுகல், பல இடங்களில் நடைபாதையே இல்லை, ஸ்கூட்டர்கள் பறக்கும்.

மூன்று நாளோ அதற்கு மேலோ இருந்தால் மறுபேச்சில்லாமல் இஸ்கியா. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். 46 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றிப் பேருந்து ஓடுகிறது. எரிமலைத் தீவு என்பதால் எங்கு பார்த்தாலும் வெந்நீர் ஊற்றுகள். சொர்ஜெத்தோ குடாவில் கொதிநீர் நேரே கடலில் கலக்கிறது, பாறைகளுக்கு நடுவே கட்டணமில்லாமல் குளிக்கலாம். இறங்கும் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் சாந்தாஞ்சலோவிலிருந்து படகில் போய்விடலாம். கிரேக்கர்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிய இடம் இது. லாக்கோ அமேனோ அருங்காட்சியகத்தில் இருக்கும் நெஸ்டர் கோப்பையில் மிகப் பழைய கிரேக்க எழுத்துப் பொறிப்புகளில் ஒன்றைப் பார்க்கலாம். அதே ஊரின் சான் மொன்தானோ குடாவில் நெகொம்போ என்றொரு வெந்நீர்ப் பூங்கா உண்டு. குடாவைப் பார்த்த நிறுவனருக்கு இலங்கையின் நீர்கொழும்பு நினைவுக்கு வந்ததால் வைத்த பெயர்.

இஸ்கியாவுக்குக் குளிர்காலத்தில் போகாதீர்கள். வெந்நீர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். கனமழையும் அங்கே சாதாரண விஷயமல்ல. 2022 நவம்பரில் காசமிச்சோலாவில் நிலச்சரிவு 12 உயிர்களைப் பறித்தது.

இஸ்கியாவில் தங்கினால் ப்ரோச்சிடாவுக்கு அரை மணிக்குள் படகில் போய்வரலாம். நேப்பிள்ஸிலிருந்து என்றால் அதிவேகப் படகுகள் மோலோ பெவெரெல்லோவிலிருந்தும், கார் ஏற்றும் பெரிய கப்பல்கள் கலாத்தா போர்தா தி மாஸாவிலிருந்தும் கிளம்பும். எந்தத் துறை என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் முதலில் நிற்பது அதிவேகப் படகுகள்தான். அதனால் ஊர் திரும்பும் விமானம் இருக்கிற நாளில் தீவில் இருக்காதீர்கள்; முந்தைய நாளே நேப்பிள்ஸுக்கு வந்துவிடுங்கள்.