பன் இல்லாத பர்கர்: கொத்துக்கறியா, சிக்கன் கீமாவா, மீல்மேக்கரா?

சேலத்துக்காரர்களுக்கு பர்கர் பவுலைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தட்டுவடை, மேலே ஒரு தட்டுவடை, நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். உருவத்தில் அது குட்டி பர்கர்தான். அதே சாமான்களை உடைத்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தால் நொறுக்கல். பர்கர் பவுல் என்பது பர்கரின் நொறுக்கல். பன்னை விட்டுவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவது.

எங்கள் வீட்டில் வாரநாள் இரவுச் சமையல் என் பொறுப்பு. வேலை முடிந்து சூரமங்கலம் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழரை. எட்டேகாலுக்குள் சாப்பாடு வரவில்லை என்றால் சின்னவன் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுவான். பர்கர் என்றால் வட்டம் தட்ட வேண்டும், அது உடையக் கூடாது, பன்னை வாட்ட வேண்டும், ஆளுக்கொன்றாக அடுக்க வேண்டும். பவுலில் அந்த வேலையெல்லாம் கிடையாது. ஒரு இரும்பு வடச்சட்டி, ஒரு குக்கர், நாலு கிண்ணம், அவ்வளவுதான் கழுவ வேண்டியது. கறிக்கு எதைப் போடுவது என்பதில்தான் மூன்று பேருக்குள் போட்டி: மட்டன் கொத்துக்கறி, சிக்கன் கீமா, மீல்மேக்கர். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன்.

ருசியில் கொத்துக்கறியை அடிக்க ஆளில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாரநாளுக்கு அது சரிப்படாது. கறிக்கடையில் நல்ல கறி காலையிலேயே தீர்ந்துவிடும். நான் வருகிற நேரத்தில் கடையில் மரக்கட்டைதான் இருக்கும். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம். வெறும் சட்டியில் வதக்கினால் அரை மணி நேரமானாலும் மெல்ல வேண்டியிருக்கும். குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டு, தண்ணீரைச் சுண்டவைத்து, அப்புறம்தான் வறுக்க முடியும். விலையோ கறிக்கோழியைப் போல மூன்று மடங்கு. முதல் தடவை இவ்வளவும் செய்து, கீழே சோறு போட்டு, மேலே கறி வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொத்துக்கறிச் சோறுதானே கண்ணு, இதுக்கு எதுக்கு இங்கிலீசு பேரு?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. சனி, ஞாயிறுக்கு இருக்கட்டும்.

சிக்கன் கீமாவில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், முக்கியமாக அடி வாங்கி. ஒரு கடையில் அரைத்த கீமாவைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்கள். கறியைக் கழுவாமல் சமைக்க நமக்கு மனசு வராது, கடைக்காரருக்கும் அது தெரியும். ஆனால் அரைத்த கறியைக் கழுவினால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குச் சட்டியில் போட்டதும் வெள்ளைக் கஞ்சியாகக் கொதித்தது. இருபது நிமிடம் கிளறியும் சிவக்கவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் முதலிலேயே, "அண்ணே, கழுவிட்டு அரைங்க, அரைச்சிட்டுக் கழுவாதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கழுவாத கீமா கிடைத்துவிட்டால் வேலை பன்னிரண்டு நிமிடம். வடச்சட்டி புகை எழும்பும் அளவுக்குச் சூடாக வேண்டும். இரண்டு ஸ்பூன் எண்ணெய், அரை கிலோ கீமா. போட்டதும் கிளறக் கூடாது. தோசைக் கரண்டியால் சட்டியோடு அழுத்தி, அடை மாதிரி பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் சளசளவென்று ஒரு சத்தம் வரும், அது தண்ணீர் வெளியேறும் சத்தம். தண்ணீர் இருக்கும்வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து பர்கர் வாசம் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். மூன்று நாலு நிமிடத்தில் சத்தம் மாறி, கடுகு வெடிப்பது போலப் பொடிப்பொடியாகக் கேட்கும். அப்போது கரண்டியை அடியில் விட்டுச் சுரண்டித் திருப்பினால் காபிக் கொட்டை நிறத்தில் ஒரு படலம் வரும். அந்தப் படலம்தான் பர்கர். அப்புறம் உடைத்துவிட்டு, உள்ளே துளி இளஞ்சிவப்பு கூட இல்லாமல் வேகவிடுங்கள். அரைத்த கோழியில் இதற்கு மட்டும் சமரசம் வேண்டாம்.

உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்து வைக்காதீர்கள், கீமா ரப்பராக இறுகிவிடும். சட்டியில் விழுந்த பிறகு போட்டால் போதும். இஞ்சி பூண்டு விழுதைத் தேடிக் கை தானாகப் போகும், அதையும் அடக்குங்கள். அதையும் கரம் மசாலாவையும் போட்ட நிமிடமே அது கீமா மசாலா, சப்பாத்திக்குப் போய்விடும். உப்பு, இடித்த மிளகு, கடைசியில் ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டது, அவ்வளவே. இறக்குவதற்கு முன் சீஸ் ஸ்லைஸைப் பிய்த்து மேலே போட்டு அரை நிமிடம் மூடி வைத்தால் உருகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு ஒரு யோசனை. உருண்டையாகக் கட்டி வைக்காமல், பையில் போட்டு ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாக அழுத்தி வையுங்கள். காலையில் கிளம்பும்போது கீழ்த்தட்டுக்கு மாற்றினால் இரவுக்குத் தயார். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் தட்டையாக இருப்பதால் சீக்கிரம் இளகும். சேலத்து வெயிலில் மேடையில் வைத்து இளகவிடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

இனி மீல்மேக்கர். இதை நான் கடைசி இடத்தில்தான் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் கறி கிடையாது, அமாவாசை கிடையாது, புரட்டாசி வந்தால் மாதம் முழுக்கக் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வாரத்தின் ஐந்து இரவில் இரண்டு மீல்மேக்கருக்கே சொந்தம். தவிர, அது டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும், கடைக்கு ஓட வேண்டாம். எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவில் செய்வது என்பதால் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம், கொழுப்பு ஏறக்குறைய இல்லை. அது கறி மாதிரி ருசிக்காததற்குக் காரணம் இந்தக் கொழுப்பில்லாத குறைதான். எனவே கீமாவுக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் என்றால் இதற்கு நாலு, கூடவே ஒரு துண்டு வெண்ணெய்.

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். முதல் பிழிவில் வரும் தண்ணீர் மங்கலான மஞ்சளாக, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். மூன்றாவது பிழிவில் அது போய்விடும். பிழியாமல் விட்டால் எந்த மசாலாவும் உள்ளே ஏறாது. மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டே சுற்று, மூன்றாவது சுற்றில் மாவாகிவிடும். ஒரு பாக்கெட் காளானைப் பொடியாக நறுக்கித் தண்ணீர் வற்றும்வரை வறுத்து, அதோடு இதைச் சேர்த்து, அரை ஸ்பூன் சோயா சாஸ் விட்டால் கறிச்சுவைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். சிக்கனை விட நேரம் கூடத்தான். பெரியவள் இதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள், சின்னவன் காளானைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்குகிறான்.

பனீரையும் ராஜ்மாவையும் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பனீர் உதிர்த்தால் புர்ஜி. ராஜ்மா முதல் நாள் இரவே ஊற வேண்டும், அந்த ஞாபகம் இருக்கிற ஆள் நானில்லை.

கிண்ணத்தின் அடியில் என்ன போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: உருளைக்கிழங்கு. சோறு போட்டால் அம்மா சொன்னதுதான் நடக்கும். லெட்யூஸ் மட்டும் போட்டால் ஒன்பதரைக்குப் பசிக்கும், தவிர இந்த ஊர் வெயிலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடத்தில் அது துணியாகிவிடும். அந்த இடத்தில் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸை ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால் கடைசி வாய் வரை மொறுமொறுப்பு. கிழங்கைத் துண்டாக்கிக் குக்கரில் இரண்டு விசில் விட்டு, கறி எடுத்த அதே சட்டியின் கொழுப்பில் புரட்டிக்கொள்ளலாம். ஏற்காட்டில் இருக்கும் அக்காவுக்கு இதைச் சொன்னபோது திறந்த பாத்திரத்தில் வேகவைத்துவிட்டு, "அரை வேக்காடாவே இருக்குடா" என்று போன் செய்தாள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிழங்கு வேக நேரம் பிடிக்கும். மலையில் குக்கர் இல்லாமல் ஆகாது. பதிலுக்கு அவள் கொடுத்தனுப்புகிற தோட்டத்து மிளகு இருக்கிறதே, அதை இடித்துப் போட்ட கீமாவுக்கு வேறு மசாலாவே தேவையில்லை.

சாஸில் மயோனைஸா, தயிரா? பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை போட்டது. சரியாகச் செய்யாத, சரியாக வைக்காத மயோனைஸில் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் பெருகும் என்பதுதான் காரணம். வீட்டிலும் அதைச் செய்து பார்க்க நான் துணிய மாட்டேன். முட்டையில்லாத பாட்டில் மயோனைஸ் சுலபம், ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் இனிப்பு மாறுகிறது. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் நாலு ஸ்பூன், தக்காளி சாஸ் ஒரு ஸ்பூன், பாட்டில் கடுகு சாஸ் அரை ஸ்பூன், ஒரு சிட்டிகை சர்க்கரை, அதில் பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய். எனக்கு இதுதான் பிடித்தது. வெள்ளரி ஊறுகாய்க்குக் கடைக்குப் போக வேண்டாம். வெள்ளரியை வட்டமாகச் சீவி, வினிகர், உப்பு, சர்க்கரையில் இருபது நிமிடம் ஊறவைத்தால் ஆயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் நான் சட்டையே மாற்றுவேன். இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் மூன்று கறியில் எதைப் போட்டாலும் பர்கர் ஞாபகம் வராது.

கடைசியாக, பன் போன பிறகு வாயில் மிஞ்சுகிற வெறுமை. வாட்டிய ரொட்டித் துண்டு போட்டுப் பார்த்தேன், சாஸ் பட்டதும் ஊறிப்போகிறது. ஜவ்வரிசி வடாம் பொரித்துப் போட்டேன். நம் ஊர்ச் சரக்கு, பார்க்கவும் அழகு, இரண்டு நிமிடத்தில் தளர்ந்துவிட்டது. தட்டுவடை அப்படியில்லை. அரிசி மாவும் உளுந்தும் பொட்டுக்கடலையும் சேர்ந்து தடிமனாக இருப்பதால் தயிருக்கடியில் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கிறது. கிண்ணத்துக்கு நாலு, கையால் பெரிசாக உடைத்து, சாப்பிடப் போகும் நிமிடத்தில் மேலே.

அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி நிற்கிறது: திங்கள், புதன், வியாழனில் பவுல் என்றால் சிக்கன், செவ்வாய், வெள்ளியில் மீல்மேக்கர், நேரமும் பணமும் இருக்கிற சனிக்கிழமைக்குக் கொத்துக்கறி. மீந்த கீமா மறுநாள் காலை முட்டை தோசையின் மேல் போகும், மீந்த சாஸ் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் தாங்கும். தட்டுவடை மட்டும் மீந்ததே இல்லை. நான் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் சின்னவனும் பாக்கெட்டைப் பாதியாக்கிவிடுகிறார்கள், இரண்டாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.