சிப்பிப்பாறை வளர்ப்பு: கையில் நின்ற சாமான்களும் பரணுக்குப் போனவையும்

கடையில் விற்கும் நாய்ச் சாமான்களில் பாதி, சடை தொங்கும் வெளிநாட்டு இனங்களுக்காகச் செய்தவை. எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை. ரோமம் தோலோடு ஒட்டிக் கிடக்கும், தோலும் மெல்லிசு. ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது.

காசு போட வேண்டிய முதல் பொருள் கழுத்துப்பட்டை. இந்த ஓட்ட நாய்களுக்குத் தலை ஒடுக்கம். பின்னுக்கு இழுத்தால் சாதாரணப் பட்டை தலைவழியே கழன்று வந்துவிடும். ரோட்டில் பூனையைப் பார்த்த நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மார்ட்டிங்கேல் பட்டை இழுக்கும்போது மட்டும் இறுகும், சரியான அளவில் வைத்தால் நெரிக்காது. அகலமான துணிப்பட்டையாக வாங்குங்கள்.

கம்பிப்பல் பிரஷ் இந்தத் தோலில் கீறல்தான் போடும். ரப்பர் முள் வைத்த கையுறை தாராளமாகப் போதும். தேய்த்து முடித்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, பட்டைக்கு அடியில் எல்லாம் வெறுங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். உண்ணி தட்டுப்பட்டால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்; மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம். உண்ணி ஷாம்பு, பவுடர் எல்லாம் ரெண்டு நாள் கூத்து. ரத்தம் குடித்து உதிர்ந்த உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்போது நாயை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? எங்களுக்குக் கைகொடுத்தது டாக்டர் எழுதிக்கொடுத்த ஃப்ளூராலனர் மாத்திரை. மூன்று மாதம் தாங்குகிறது, விலைதான் கடிக்கிறது. எடை பார்த்துத்தான் தருவார்கள். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நகத்துக்கு கிரைண்டர், அதாவது நகத்தைத் தேய்த்துக் குறைக்கும் சின்ன மெஷின். கருப்பு நகத்தில் உள்ளே ஓடும் ரத்தநாளம் வெளியே தெரியாது. கிளிப்பரில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ரத்தம். கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரே நகத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் சுடும். சத்தத்துக்குப் பழக்குவதுதான் பெரிய வேலை. ஓடாத மெஷினைத் தரையில் வைத்து, மோந்து பார்த்தால் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. அப்புறம் அடுத்த அறையில் ஓடவிட்டு ஈரல். அதற்கும் அப்புறம்தான் நகத்தில் தொடுவது. காலை இழுத்தால் விட்டுவிடுங்கள். அமுக்கிப் பிடித்தால் அடுத்த தடவை மெஷினைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு உட்காரலில் ஒரு பாதம் முடிந்தால் லாபம்.

அமுக்கினால் ‘டக்’ என்று சத்தம் போடும் பயிற்சிச் சாமானான கிளிக்கர் பரணில் கிடக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கையில் கயிறு, இன்னொன்றில் ஈரல், மூன்றாவது கைக்கு எங்கே போவது? நாக்கால் ‘டக்’ என்று சத்தம் போட்டு உடனே ஈரல் கொடுத்தாலும் அதே வேலை நடக்கிறது.

‘உட்கார்’ சீக்கிரம் வந்துவிட்டது. கூப்பிட்டால் வருவதுதான் பாடு. கண்ணால் வேட்டையாடும் இனம், ஓட ஆரம்பித்துவிட்டால் காது கேட்காது. பத்து மீட்டர் நைலான் கயிறுதான் வழி. அதைக் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், பாய்ந்து நின்றால் கழுத்து போய்விடும். நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள். கூப்பிட்டு வந்ததும் ஈரலைக் கொடுத்து மறுபடி ஓடவிட வேண்டும். வந்தவுடன் கட்டிப்போட்டால் அடுத்த தடவை ஏன் வரப்போகிறது? காம்பவுண்டுக்குள் இப்போது பத்துக்கு எட்டுத் தடவை வருகிறது. வெளியே இன்னும் கயிறோடுதான்.