அம்பாசிடர் பின் ஆக்ஸில் வேலையில ரூ.48,000 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேத்து ராத்திரி தூக்கமே வரலை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். பேரைப் போடலை. பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான்.

வண்டி அப்பாவோட 1994 அம்பாசிடர் டீசல். அறுபதைத் தொட்டா பின்னாடி ஊளைச் சத்தம். ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்கு. 2014-லயே மேற்கு வங்கம் உத்தர்பாரா பேக்டரியில இந்த வண்டி உற்பத்தியை நிறுத்திட்டாங்க, தெரிஞ்ச கையிலதான் விடணும்னு தேடிப் போனேன். தேடிப் போய் விழுந்தேன்.

அந்த ஆள் முதல்ல காசைப் பத்திப் பேசவே இல்லை. பின் பிரேக் டிரம்மைக் கழட்டி, என் விரலைப் பிடிச்சு உள்ளே ஓட்டிக் காட்டினார். ஓரத்துல நகம் தட்டுற அளவுக்கு ஒரு விளிம்பு. "இதை லேத்துல கடைசல் போட்டு சமமாக்காம பிரேக் லைனிங் மாத்தி என்னங்க பிரயோஜனம்? நம்ம வண்டின்னு நெனச்சுப் பண்றேன்"னார். அந்த ஒரு நிமிஷம்தான். கிரௌன் பினியன் (பின் ஆக்ஸில் நடுவுல இருந்து சக்கரத்தைச் சுத்த வைக்கிற பல் சக்கரங்க) புது ஜோடி, பேரிங், ஆயில் சீல், வீல் சிலிண்டர், லைனிங், டிரம் கடைசல், எல்லாம் சேர்த்து 48,000. முதல்ல 30,000, வண்டி எடுக்கும்போது 18,000. பில்லுன்னு கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டு.

பத்து நாள்னது ஏழு வாரம் ஆச்சு. ஆக்ஸிலோட வெளிக்கூடு மட்டும் கறுப்பு பெயிண்ட்ல பளபளன்னு இருந்துச்சு. ஊளை போகலை. போன் பண்ணினா, "புதுப் பல்லுங்க, 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்." ஓட்டினேன். "90 நம்பர் கியர் ஆயில் மாத்திப் பாருங்க." மாத்தினேன். "பழைய வண்டின்னா சத்தம் வராமயாங்க இருக்கும்?" அப்புறம் பையன் எடுத்து, "அண்ணன் வெளியூருங்க." அப்புறம் ரிங் மட்டும்.

போன வாரம் பீளமேடு சிக்னல்ல பிரேக்கை மிதிச்சா வண்டி இடப்பக்கம் இழுத்துட்டுப் போய், ஸ்கூட்டர்ல நின்ன ஒரு அக்காவுக்கு ஒரு அடி முன்னாடி நின்னுச்சு. எனக்குக் கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வலது பின் டிரம்மைக் கழட்டினார். லைனிங் கியர் ஆயில்ல ஊறிக் கிடக்கு. சீல் பழசு, கல்லு மாதிரி. வீல் சிலிண்டர் என்னோடதேதான், ரப்பர் மட்டும் புதுசு. டிரம்முக்குள்ள விரலை விட்டேன். அன்னிக்குத் தொட்ட அதே விளிம்பு! கிரௌன் பினியன் இருக்கிற டிஃப்ரன்ஷியலை இறக்கினா கிரௌன்ல ஒரு நம்பர், பினியன்ல வேற நம்பர். ரெண்டும் ஜோடியாவே தேய்ச்சு, ஒரே நம்பர் போட்டு வர்ற சாமான் அது. வேற வேற வண்டியில கழட்டினதைச் சேர்த்துப் போட்டிருக்கான். ஊளையிடாம என்ன பண்ணும்?

48,000 ரூபாய்க்கு லைனிங், ரப்பர், ஒரு டப்பா பெயிண்ட்.

நேத்து நேர்ல போனேன். "வெளிய கழட்டிட்டீங்கல்ல, இனி நான் பொறுப்பில்லைங்க"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுத நெனச்சேன், மனசு ஓடலை. கழட்டின பழைய சாமானைக் கையோட கேட்டு வாங்குங்க. கிரௌன் பினியன் மாட்டுறதுக்கு முன்னாடி நம்பரைப் போட்டோ எடுங்க. டிரம்மை லேத்துக்கு நீங்களே தூக்கிட்டுப் போங்க. ஓட்டிப் பார்க்காம முழுப் பணம் குடுக்காதீங்க. வெளிய கழட்டுறதுக்கு முன்னாடி வீடியோ எடுத்து வைங்க, நான் எடுக்கலை.

வண்டி இப்போ மரக்கட்டை மேல நிக்குது. நம்பர் பொருந்தின ஜோடி யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.