கல்முனைக்கு இலகு ரயிலா, அகலப் பாதையா, பஸ்ஸா?

மட்டக்களப்புக்குத் தெற்கே ஊர்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் எந்த ரயில் பொறியியலாளருக்கும் ஆசை வரும். கல்லடிப் பாலம் தாண்டினால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு எல்லாமே ஒரே வீதியில் வரிசை. கிழக்கே கடல், மேற்கே வாவி. பயணிகள் எல்லாரும் ஒரே கோட்டில் குடியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒடுங்கிய நிலம்தான் ரயிலுக்கு இடம் தர மறுப்பதும். காத்தான்குடிப் பிரதான வீதியை எடுத்துக்கொள்வோம். நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. கடைகள் வீதி ஓரம் வரை வந்து நிற்கின்றன. வீதியிலேயே ஓடக்கூடிய சிறிய மின்சார ரயிலான இலகு ரயிலுக்கு இரட்டைத் தண்டவாளம் போட ஏழு மீற்றராவது வேண்டும். நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்களை எடுத்தாலும் போதாது. இரு பக்கத்திலும் வாகனங்கள் ஓடும் வழியில் கைவைக்க வேண்டும். லொறியில் சரக்கு இறக்குவது எங்கே, ஓட்டோ நிற்பது எங்கே என்று முதல் நாளே சண்டை வரும்.

தூண் எழுப்பி மேலே ஓட்டலாம் என்பார்கள். அதற்கு என்ன விலை என்பதை கொழும்பு காட்டிவிட்டது. கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2019இல் ஜப்பானிய உதவி நிறுவனமான ஜெய்க்காவுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020இல் செலவு அதிகம் என்று அரசாங்கம் கைவிட்ட திட்டம். அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு சுமார் 150 கோடி டொலர். கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 10 கோடி. அதே கணக்கில் கல்முனைக்குப் போனால் 400 கோடி டொலர். 2022இல் நாடே வங்குரோத்தாகி, 2023இல் சர்வதேச நாணய நிதியத்திடம் பெற ஒப்புக்கொண்ட முழுத் தொகை சுமார் 300 கோடி! தரையில் ஓடும் பாதை இதைவிட மிகவும் மலிவு என்பது உண்மை. ஆனால் தரையில்தான் இடமில்லை.

செலவை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பார்த்தாலும் விடை மாறவில்லை. 200 பேர் ஏறும் வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால், மணிக்கு 1,200 பேர் ஒரு திசையில் போகலாம். 60 பேருடன் மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடினாலும் அதே 1,200 தான். அதைவிடப் பல மடங்கு கூட்டம் நாள் முழுக்க இருந்தால்தான் இலகு ரயில் தன்னைத் தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, மேலே ஓடும் மின்கம்பி. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊருக்கு அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, மட்டக்களப்பு வரை இருக்கும், வழக்கமான பெரிய ரயில்கள் ஓடும் அகலப் பாதையையே கல்முனைக்கும் அதற்கு அப்பாலும் நீட்டுவது. பழைய கோரிக்கை, தேர்தல் மேடைகளுக்கு நன்கு பழக்கம். இதில் எனக்கும் ஒரு சபலம் உண்டு, காரணம் சரக்கு: சம்மாந்துறைப் பக்கத்து நெல்லும் அரிசியும் நேரே கொழும்புக்குப் போகும். ஆனால் மட்டக்களப்பு நிலையம் இருப்பது வாவியின் நகரப் பக்கக் கரையில். கல்லடிக்குப் போக இன்னொரு பாலம் கட்ட வேண்டும். 2013இல் திறந்த புதிய பாலம் வாகனங்களுக்கானது. பாலம் கடந்த பிறகும் தொல்லைதான். இலகு ரயில் சுமார் 25 மீற்றர் ஆரையில் தெருமுனையிலேயே திரும்பும்; பெரிய ரயிலுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும். அவ்வளவு நீண்ட வளைவுக்கு வீடுகளுக்குள்ளால் போக வேண்டும், அல்லது கடற்கரையால். கடற்கரை என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமி. இத்தனையும் செய்து முடித்தாலும் நாளுக்கு சில தூர ரயில்கள்தான் வரும். காலையில் போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கு களுவாஞ்சிகுடியிலிருந்து வருகிறவருக்கு அதனால் பயனில்லை.

வடக்கே கதை வேறு. ஏறாவூர், தேவபுரம், கல்குடா, வாழைச்சேனை என்று தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. நாளின் பெரும்பகுதி சும்மா. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டு பஸ் உடல்களை முதுகுக்கு முதுகு பொருத்தித் தண்டவாளத்தில் ஓட்டும் ரயில் பஸ் இலங்கைக்குப் புதிதல்ல. ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில்தான் விலக முடியும், கடவைகளுக்கு ஒழுங்கான காவல் வேண்டும், மாடுகளுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். ஆனாலும் இவை கோடிக்கணக்கான டொலர் கேட்கும் பிரச்சினைகள் அல்ல. நகரப் பயணத்துக்கு ரயில் என்று இந்த மாவட்டத்தில் யாராவது தொடங்குவதானால், தொடங்க வேண்டிய இடம் இதுதான். கவனம் எல்லாம் தெற்கே போவது வாக்குக் கணக்கு என்றே நினைக்கிறேன்.

வாவிப் படகுச் சேவை அழகான யோசனை. குருமண்வெளி – மண்டூர் பாதை (வாகனமும் ஏறும் மிதவை) போல குறுக்கே கடக்க உதவும், நெடுக்கே பயணிக்க மெதுவானது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையை மேலே சொன்ன எந்தத் திட்டமும் தொடவே இல்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததால் அங்குள்ள கொக்கட்டிச்சோலைக்கு பஸ்ஸாவது விடலாம்.

ஆகவே தெற்கே என் தெரிவு பஸ். இப்போது ஓடுவது போலல்ல. அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில், ஒருவரை ஒருவர் முந்தி ஆள் பிடிக்காமல் ஓட வேண்டும். அதிகாலையிலும் இரவு எட்டுக்குப் பிறகும் கூட. தரிப்பிடங்களை ஊருக்கு ஒன்று என்று பங்கு போடாமல், சந்தை, வைத்தியசாலை, பாடசாலை பார்த்து வைக்க வேண்டும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் வீதியில் இது பொறியியலைவிடக் கடினமான வேலை. வாவியைக் கடக்கும் இன்னொரு பாலத்துக்கான காணியை மட்டும் இப்போதே வரைபடத்தில் ஒதுக்கி வைக்கலாம். கட்டடம் முளைத்த பிறகு கேட்டால் கிடைக்காது. வாழைச்சேனை ரயில் பஸ் வந்து சேரும் நேரத்துக்கு, நிலைய வாசலில் காத்தான்குடி பஸ் ஒன்று நிற்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வந்திறங்குகிறவர் ரயிலில் மிச்சம் பிடித்ததை ஓட்டோவுக்குக் கொடுப்பார்.