மோசினா, மௌசரா, த்ரீ நாட் த்ரீயா? பழைய ராணுவ ரைஃபிளின் விலையை எடைபோடுவது

ரஷ்ய ராணுவத்தின் மோசின் நாகாந்த் 91/30 ரைஃபிளை அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்கிய காலம் ஒன்று இருந்தது. காஸ்மோலின் என்ற கெட்டி கிரீஸ் அப்பியபடி மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். கடைக்காரர் பெட்டியைத் திறந்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வார். அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதி தருவதை 2021இல் அமெரிக்க அரசு நிறுத்தியது. இப்போது அதே ரைஃபிளுக்குப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அதனால், "துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போகிறேன், எதை வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்டால் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: சுடப்போகிறீர்களா, சேர்த்து வைக்கப்போகிறீர்களா? சுடுகிறவருக்குக் குழல்தான் விலை. சேர்ப்பவருக்கு முத்திரையும் எண்ணும்தான் விலை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு கொடுப்பவர்தான் ஏமாறுகிறார்.

மோசினிலிருந்தே தொடங்கலாம். குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்புப் பகுதியான ரிசீவர் மேல் நட்சத்திரம் இருந்தால் துலா ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். 1930களின் நடுப்பகுதி வரை ரிசீவர் பட்டை பட்டையாக இருக்கும், பிறகு உருண்டைக்கு மாறினார்கள். பட்டை ரிசீவருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை உண்டு. 1942, 43இல் அவசர அவசரமாகச் செய்தவற்றில் கடைசல் இயந்திரத்தின் கோடுகள் அப்படியே தெரியும். அது குறையல்ல, போர்க்காலத்தின் அடையாளம்.

நான் முதலில் ஏமாந்ததும் மோசினில்தான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட், தோட்டாக்கள் இருக்கும் மகசினின் அடித்தகடு, பின்கட்டையின் இரும்புத்தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் என்று காட்டி, கூடுதலாக நூறு டாலர் வாங்கிவிட்டார் ஒரு வியாபாரி. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடித்தகட்டில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புது எண் குத்தியிருக்கிறது. போர் முடிந்ததும் சோவியத் கிடங்குகளில் லட்சக்கணக்கான ரைஃபிள்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, கைக்கு வந்த பாகங்களைக் கோத்து, எண்ணைப் புதிதாகக் குத்தி அடுக்கினார்கள். அதனால் 91/30இல் எண்கள் பொருந்துவது சாதாரணம், அதற்குத் தனியாகக் காசு தர வேண்டியதில்லை. போருக்குப் பின் கைபடாமல் தப்பியதற்கே அந்தக் கூடுதல் விலை தகும். ரஷ்ய ரிசீவரை எடுத்துப் புதுக் குழல் பொருத்திப் பின்லாந்து செய்த எம்39 ரைஃபிளுக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம். கட்டத்துக்குள் பின்லாந்து ராணுவத்தைக் குறிக்கும் எஸ்.ஏ. என்ற எழுத்து இருக்கும், சுடுவதிலும் பெரும்பாலான 91/30ஐவிட அது மேல். தொலைநோக்கி பொருத்திய ஸ்னைப்பர் என்று விற்பதில் போலி அதிகம். வளைந்த போல்ட் கைப்பிடியை யாரும் ஒட்டவைக்கலாம்.

மௌசருக்கு வந்தால் கணக்கே வேறு. காராபினர் 98கே என்ற மௌசரை 1935இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றது. இதில் எண் பொருத்தம்தான் எல்லாம். ஒரே எண்ணோடு, அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குக் கொண்டுவந்த துப்பாக்கிக்குச் சொல்லும் விலையில், ரஷ்யர்கள் கைப்பற்றிய அதே மாடலில் இரண்டோ மூன்றோ வாங்கிவிடலாம். ரஷ்யர் கைப்பட்டதை அடையாளம் காண்பது எளிது. ரிசீவரின் பக்கத்தில் எக்ஸ் குறி இருக்கும். போல்ட் உட்பட எல்லாமே ஒரே கறுப்பில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும். மின்பேனாவால் கிறுக்கிய எண்களும் தெரியும். சிப்பாய் கொண்டுவந்ததில் சிலவற்றின் கட்டை, குழலைச் சுற்றிய வளையத்துக்குக் கீழே குறுக்காக அறுபட்டிருக்கும். பையில் அடங்கவேண்டும் என்பதற்காக அவரே அறுத்தது. பார்க்க வருத்தமாக இருந்தாலும் அந்த வெட்டே ஒரு சாட்சி. கூடவே கைப்பற்றியதற்கான ராணுவச் சான்றுத்தாள் இருந்தால் விலை இன்னும் ஏறும். இத்தனை லாபம் இருப்பதால் எண்ணைத் திருத்திக் குத்துகிறவர்களும் இங்கேதான் அதிகம். எண்ணின் எழுத்துரு, அது பதிந்த ஆழம், அதன் மேல் உள்ள கறுப்பின் வயது மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 98கேயின் விலையில் ஒரு பங்கு நாஜி முத்திரையான கழுகுக்கும் ஸ்வஸ்திகாவுக்கும் போகிறது. அதற்குக் காசு தர எனக்கு மனம் வருவதில்லை. யூகோஸ்லாவியா அந்த முத்திரைகளைத் தேய்த்து அழித்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்தி வைத்துக்கொண்ட ரைஃபிள்கள் உண்டு, விலையும் குறைவு. போருக்குப் பின் கிராகுயெவாட்சில் செய்த எம்48ஐயும் பாருங்கள். ஜெர்மன் ரைஃபிளைவிட ரிசீவர் கொஞ்சம் குட்டை. ஆனால் பல துப்பாக்கிகள் பயன்படுத்தப்படாமலே கிடங்கில் இருந்தவை என்பதால் குழல் புதிதுபோல் இருக்கும்.

அப்புறம் பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்ட். அதன் .303 தோட்டாவால்தான் த்ரீ நாட் த்ரீ என்ற பெயர். கருவூல வாசலில் காவலர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். அந்தப் பிரியமே வாங்கும்போது கண்ணை மறைக்கும் என்பதால் இதைத்தான் அதிகம் சோதிக்கிறேன். முதல் சோதனை, அது உண்மையிலேயே என்ஃபீல்டா என்பது. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பக்கம் பட்டறைகளில் கையாலேயே செய்த நகல்கள் ஏராளம். கிரீடத்துக்குக் கீழே விக்டோரியாவின் வி.ஆர். எழுத்தும், பக்கத்தில் 1901க்குப் பிந்தைய ஆண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது நகல்தான்; ராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆங்கில என் எழுத்து திரும்பி நிற்பதும் உண்டு. சுவரில் மாட்ட அழகான பொருள்தான். ஆனால் எந்த இரும்பு என்றே தெரியாததில் தோட்டாவை ஏற்றக்கூடாது. 'டி.பி.' என்று குத்தியிருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கென ஒதுக்கியது, அதையும் சுடக்கூடாது.

நம்பர் 4 மாடலில் அமெரிக்காவின் சாவேஜ், கனடாவின் லாங் பிராஞ்ச் இரண்டும் நல்ல வேலைப்பாடு. சாவேஜ் செய்ததில் அமெரிக்க அரசின் சொத்து என்றே பொறித்திருக்கும். இதன் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும், 0 முதல் 3 வரை எண்ணிட்டிருக்கும். தேய்ந்த துப்பாக்கிக்கு அடுத்த எண் தலையைப் போட்டு ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டுக்கும் உள்ளே அமர்ந்த தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை, சரிசெய்வார்கள். ஏற்கெனவே 3 போட்டிருந்தால் அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

இந்த வரிசையில் விலைக்குக் குறைத்து மதிக்கப்படுவது நம் இஷாப்பூர் 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் நேட்டோவின் 7.62 தோட்டாவுக்காகச் செய்தது. பழைய .303ஐத் துளை மாற்றிய ஒட்டுவேலை என்று மேசைக்கு மேசை சொல்வார்கள், அது தவறு. வலுவான இரும்பில் புதிதாகவே செய்தது. மகசின் சதுரமாக இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். பின்காட்சிக் குறியில் உள்ள தூர எண் 2000 வரை போனால் 2ஏ, 800 வரை என்றால் 2ஏ1. சேகரிப்பவர்கள் ஐரோப்பிய முத்திரைகளைத் தேடிப் போவதால் இது ஓரமாகவே கிடக்கிறது. ஆனால் .303 தோட்டா கிடைப்பதும் கடினம், விலையும் அதிகம். 7.62 எங்கும் கிடைக்கிறது. ஐந்நூறு தோட்டா சுடுவதற்குள் அந்த வித்தியாசத்தில் ரைஃபிளின் விலையில் ஒரு பகுதி திரும்பிவிடும். அதே அளவில் வேட்டைக்கு விற்கும் அழுத்தம் கூடிய .308 தோட்டாவை மட்டும் நான் இதில் போடுவதில்லை.

சுவிஸ் கே31 பற்றிச் சுருக்கமாக: கட்டை அடிபட்டுத் தேய்ந்திருக்கும், உள்ளே குழல் கண்ணாடிபோல் பளபளக்கும். பின்கட்டைத் தகட்டைக் கழற்றினால் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர்ச்சீட்டு சிலவற்றில் இன்னும் இருக்கும். தோட்டா மட்டும் தேடவேண்டியிருக்கும்.

எதுவானாலும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் நோக்குங்கள். பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உப்பைக் கக்கும், கழுவாமல் விட்டால் உள்ளே துரு பிடிக்கும். சுழல்வரிகள் கூர்மையாக இருந்து உள்ளே லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை, குழிகள் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். மோசினில் குழலின் வாய் ஓரத்தை அகலமாகக் குடைந்திருந்தால், வாய்ப்பக்கமிருந்து சுத்தம் செய்து தேய்ந்த பகுதியை ஆலையே நீக்கியது என்று பொருள். சேகரிப்பவர் முகம் சுளிப்பார், ஆனால் நன்றாகச் சுடும், விலையைக் குறைத்துக் கேட்க வழியும் கிடைக்கும். கட்டையைத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தால் முத்திரைகள் போயிருக்கும், வேட்டைக்காகக் கட்டையை வெட்டியிருந்தால் சேகரிப்பு மதிப்பில் பாதிக்கும் மேல் போய்விடும்.

இன்று கையில் பணம் வைத்துக்கொண்டு நின்றால், சுடுவதற்கு இஷாப்பூரைத்தான் எடுப்பேன், இஷாப்பூர் ஆலையின் ஆர்.எஃப்.ஐ. முத்திரையும் ஆண்டும் தெளிவாக உள்ளதாகப் பார்த்து. சேர்த்து வைப்பதற்கு என்றால் எம்39. மோசின் 91/30ஐ இன்றைய விலைக்கு வாங்க மாட்டேன்.