மார்லின் .22, வின்செஸ்டர் .30-30: சென்னையில் பழைய லீவர் ரைஃபிள் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

என் துப்பாக்கி உரிமத்தில் மிஞ்சியிருந்தது ஓர் இடம் மட்டுமே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. அந்த இரண்டில் ஒன்றை, அப்பாவிடமிருந்து வந்த இரட்டைக்குழல் 12 போர் (போர் என்பது குழல்துளையின் அளவு) துப்பாக்கி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்று விற்க முன்வந்த வின்செஸ்டர் 94-உம், அண்ணா நகரில் ஓய்வுபெற்று வாழும் பெரியவர் ஒருவர் கொடுத்துவிட நினைத்த மார்லின் 39ஏ-யும் இரண்டு மாத இடைவெளியில் என் கண்ணில் பட்டபோது, இரண்டையும் வாங்கலாம் என்ற சபலத்துக்கே வழியில்லாமல் போயிற்று. இரண்டுமே லீவர் ரைஃபிள்கள், அதாவது விசையைச் சுற்றியுள்ள பிடியைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுபவை; வின்செஸ்டர் .30-30 தோட்டாவுக்கு, மார்லின் அதைவிடச் சிறிய .22-க்கு. நான் வாங்கியது மார்லின். கீழே எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரைஃபிள் என்பது இங்கே ரசனை சார்ந்த விஷயம் மட்டுமன்று. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே ஏறத்தாழ மூடப்பட்டுவிட்டதால், அமெரிக்கத் தயாரிப்பான லீவர் ரைஃபிளை விரும்பும் சென்னைவாசிக்குக் கிடைப்பது அதற்கு முன்பே கப்பலேறி வந்துவிட்ட பழைய சரக்குதான். அவையும் கடை வரிசையில் காத்திருப்பதில்லை. மலைத்தோட்டங்களை நிர்வகித்தவர்களின் வீடுகளிலும், உரிமையாளர் காலமானபின் வாரிசுகள் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டு மறந்துபோன பெட்டிகளிலும் அவை கிடக்கின்றன. என்ன தேடுகிறோம் என்பதை இரண்டு மூன்று கடைக்காரர்களிடமும் துப்பாக்கி சுடும் கிளப்பின் மூத்த உறுப்பினர்களிடமும் சொல்லிவைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பதே நடைமுறையில் பலிக்கும் வழி. எனக்கு அது பதினான்கு மாதம் எடுத்தது.

அழகில் வின்செஸ்டரோடு போட்டியிட எதுவும் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894-இல் வெளிவந்த அந்த ரைஃபிளின் மெலிந்த இடுப்பும், லீவரைக் கீழே தள்ளும்போது அடிப்பாகம் முழுவதும் திறந்துகொண்டு கீழிறங்கும் விதமும், ஒரு முறை கையில் வாங்கியவரை விடாது. அடுத்த ஆண்டே அதற்கென வந்த .30-30 தோட்டா, புகையற்ற வெடிமருந்தில் அமெரிக்காவில் வேட்டைக்கென உருவான தொடக்ககாலத் தோட்டாக்களில் ஒன்று. ஆனைமலையில் நான் பார்த்தது 1964-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் செலவைக் குறைப்பதற்காக, கடைந்தெடுத்த உறுப்புகள் சிலவற்றைத் தகட்டில் அச்சடித்த உறுப்புகளாக மாற்றினார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வர மறுக்கிறார்கள். அந்தக் கோட்டின் நல்ல பக்கத்தில் இருந்த ரைஃபிளைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆழியாறு அணையைத் தாண்டி வரும்வரை வண்டியில் யாரிடமும் பேசாமல் வந்தேன்.

சாவேஜ் 99 என்ற லீவர் ரைஃபிளையும் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுவது வழக்கம். தோட்டாவைச் சுடவைக்கும் சுத்தி வெளியே இல்லாத அமைப்பு, தோட்டாக்களை வைக்கும் சுழல் மேகசின், இன்னும் எத்தனை தோட்டா இருக்கிறது என்பதைப் பக்கவாட்டுச் சிறு துளையில் காட்டும் பித்தளை எண்சக்கரம் என்று பொறியியலில் மூன்றிலும் அதுவே முன்னால் நிற்பது. நான் அதை இரண்டு முறை கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி, ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆகவே அதைப் பற்றி நீட்டி முழக்க எனக்குத் தகுதியில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லலாம்: குழலில் .303 சாவேஜ் என்று பொறித்திருந்தால், ராணுவத்தின் .303 தோட்டாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஒன்று மற்றொன்றில் பொருந்தவும் பொருந்தாது. ஆனால் நம் விதிகளில் .303 தடைசெய்யப்பட்ட போர். அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே கோப்பு நகராமல் நின்றுவிடக்கூடும். விளக்கம் சொல்லும் வேலை நம்முடையதாகிவிடும்.

இனி எனக்கு முடிவைத் தீர்த்துக்கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அது தோட்டா.

லீவர் ரைஃபிளின் இன்பம் அதை இயக்குவதில் இருக்கிறது. சுடுவது, லீவரைத் தள்ளி இழுப்பது, வெற்றுக்குப்பி தெறித்து விழுவது, அடுத்தது ஏறுவது என்ற அந்தத் தாளத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். தோட்டா இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டிய ஊசல் கடிகாரம். சாவி கொடுக்க முடியாது, பார்த்துக்கொண்டிருக்கலாம். நம் அரசுத் தொழிற்சாலைகளிலிருந்து உரிமதாரர்களுக்கென வருவது .315, .32, 12 போர், .22 போன்ற சில அளவுகளே. .30-30 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பழைய உரிமதாரர்களிடம் மிஞ்சியிருக்கும் பெட்டிகளையோ, என்றைக்கோ இறக்குமதியாகிக் கடையில் தங்கிவிட்டவற்றையோ நம்பியிருக்க வேண்டும். அமெரிக்கர்கள் சுட்ட குப்பியிலேயே மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பிக்கொள்வது பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு நாமும் அப்படிச் செய்யலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டத்தின்படி குற்றம் என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

நான் விட்டுவந்த அந்த வின்செஸ்டரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார். ரைஃபிளோடு அவருக்குக் கிடைத்தவை இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு 20 வீதம் 40 தோட்டாக்கள். ஓராண்டு கழித்து ஒரு ரேஞ்சில் அவர் சுடுவதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. இரண்டே இரண்டு தோட்டாக்களை எடுத்தார், இரண்டையும் நிதானமாகச் சுட்டார், தெறித்த குப்பிகளைக் குனிந்து பொறுக்கித் துடைத்துப் பெட்டிக்குள் தலைகீழாகச் செருகினார், பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பெட்டியின் மூடியில் 33 என்று இருந்ததை அடித்துவிட்டு 31 என்று எழுதினார். அவர் முகத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அதே நாளில் நான் மார்லினில் சுட்டவற்றை எண்ணவில்லை. .22 தோட்டா கிளப்புகளின் அன்றாட உணவு. ஒருவரிடம் தீர்ந்தால் கடையில் இருக்கும், கடையில் தீர்ந்தால் சில வாரம் பொறுத்தால் வரும். உரிமப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும் என்பதால் அதற்கும் அளவு உண்டுதான். ஆனாலும் அது பங்கீட்டுக் கடைக் கணக்கு, பென்சில் கணக்கன்று. குழலின் கீழிருக்கும் தோட்டாக் குழாயின் உள்தண்டை மேலே இழுத்து, தோட்டா வடிவிலேயே வெட்டியிருக்கும் துளை வழியாக ஒவ்வொன்றாகப் போட்டால் 39ஏ-யில் ‘லாங் ரைஃபிள்’ எனப்படும் .22 தோட்டா 19 கொள்ளும். 19 சுட்டுவிட்டு மீண்டும் 19 போடலாம் என்ற நினைப்பே ஒரு சுகம்.

எதைச் சுடப் போகிறோம் என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் லீவர் ரைஃபிளோடு திரிந்த காலம் வேறு. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்கு மிச்சம் இருப்பது காகித இலக்கு மட்டுமே. .30-30-இன் வழக்கமான குண்டு 11 கிராம் எடையுள்ளது, .22-இன் குண்டு இரண்டரை கிராமைச் சற்றே தாண்டும். மானை வீழ்த்த அந்த வேறுபாடு பெரிது, காகிதத்தில் ஓட்டை போட இரண்டும் ஒன்று. தவிர, .22-க்கென மணல்மேடு அமைத்த ரேஞ்சில் பெரிய ரைஃபிளை அனுமதிக்கமாட்டார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் கிளப்பில் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பராமரிப்பில் மார்லினுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு, சென்னையில் அது சிறிய சௌகரியமில்லை. 39ஏ-யின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய திருகு இருக்கிறது. சுத்தியை நிமிர்த்திவைத்து, திருகை விரலாலோ, இறுகியிருந்தால் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தாலோ கழற்றினால் ரைஃபிள் இரண்டு பாதிகளாகப் பிரிந்துவிடும். போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உறுப்பு) தனியே எடுத்துவிட்டுக் குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். வின்செஸ்டர் 94-ஐ ஊசி, திருகு எல்லாம் கழற்றாமல் அப்படிச் செய்ய முடியாது. வாய்ப்பக்கத்திலிருந்து துடைப்பக்கம்பியை நுழைத்து நுழைத்துக் குழல்வாய் தேய்ந்துபோன பழைய வின்செஸ்டர்கள் ஏராளம், குறி தவறுவதற்கு அதுவே காரணமாகிவிடும். பெசன்ட் நகரில் கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வசிக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் துடைப்பது மாதாந்திரச் சடங்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாரத்துக்கு ஒரு முறை.

துரு பற்றிப் பேசும்போது தேர்தலையும் சொல்லவேண்டும். தேதி அறிவித்தவுடன் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி அழைப்பு வந்துவிடும். போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்கள் விலக்குக் கேட்கலாம், என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஒப்படைத்த 12 போர் திரும்பி வந்தபோது அதன் இடக்குழலில் கட்டைவிரல் அகலத்துக்குச் செம்பழுப்புத் தடம் படிந்திருந்தது. உறையோடு வைத்ததுதான் தவறு, உறைத்தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டுவிட்டது. 2024-இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு, ஜூன் 4 அன்று முடிவு. அந்த முறை மார்லினைப் பிரித்து, இரண்டு பாதிகளுக்கும் கெட்டியாக எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி ஒப்படைத்தேன். ஒரு புள்ளி துரு இல்லாமல் திரும்பி வந்தது.

மார்லின் பக்கம் சாய்பவர்கள் கவனிக்கவேண்டிய குறைகளும் உண்டு. 39ஏ-க்கு முந்தைய மாடல் 39-இல் 1932 வாக்கில் போல்ட்டை வலுப்படுத்தினார்கள். அதன்பின் வந்தவற்றின் வரிசை எண்ணுக்கு முன்னால் எச்எஸ் என்ற எழுத்துகள் இருக்கும். அவை இல்லாத ரைஃபிளில் இன்றைய அதிவேகத் தோட்டாவைப் போட்டால் போல்ட் விரிசல் விடலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நலம். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய 39ஏ-களில் எண்ணின் முன்னெழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும். என்னுடையதில் ஜி, அதாவது 1950. பழைய .22 எதுவாக இருந்தாலும் 1930-களுக்கு முந்தைய தோட்டாக்களின் அரிக்கும் மருந்து குழலைத் தின்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்: பிரித்து, பின்வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, வெளிச்சம் அதில் படும்படி குழல்வாய் வழியாகப் பாருங்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் கோலம் போட்ட மாதிரி தெளிவாகச் சுழல வேண்டும். சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெறும் விசையை இழுத்துப் பார்க்க யாரையும் அனுமதிக்கவும் கூடாது. .22-இல் சுத்திமுனை தோட்டாவின் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாதபோது அது குழலின் விளிம்பையே அடித்துப் பள்ளமாக்கிவிடும். அண்ணா நகர்ப் பெரியவர், பார்க்க வந்த என்னிடம் ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன் சொன்ன ஒரே வாக்கியம், “தம்பி, சும்மா இழுக்கக்கூடாது” என்பதுதான். வாங்கலாம் என்ற முடிவில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது.

காகித வேலை இரண்டுக்கும் பொதுவானதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியார் ஒருவர் மற்றோர் உரிமதாரருக்கு விற்பதானால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்கவேண்டும்; சென்னையில் வாங்குபவரின் உரிமத்தில் போரும் வரிசை எண்ணும் ஏறுவது காவல் ஆணையர் அலுவலகம் வழியாக. வெளிமாவட்டத்திலிருந்து கொண்டுவருவதென்றால் கொண்டுவருவதற்கான அனுமதியும் சேரும். மார்லின் நகரத்துக்குள்ளேயே கைமாறியதால் எனக்கு அந்தத் தலைவலி ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

திரும்ப விற்பது பற்றி எனக்கு அனுபவம் இல்லை, விற்கும் எண்ணமும் இல்லை. பெயருக்காக வின்செஸ்டர் அதிகம் கேட்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்பவர் ஊரில் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. ஞாயிறு காலை ரேஞ்சில் மார்லினை நீட்டினால் அடுத்த தடத்தில் நிற்பவர் தன் பந்தயத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து நிற்கிறார். அவர்களில் இருவர், கொடுப்பதானால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள் என்று இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்கள்.